கறியைக் குறைக்கச் சொல்வது யாருக்கு?

"கறியைக் குறைக்கணும்னு சொல்றாங்களே, ஞாயித்துக்கிழமை எடுக்கிற அரைக் கிலோவும் கூடாதா?" பேத்துப்பாறைக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டது இது.

2019-ல் ஈட்-லான்செட் என்ற பன்னாட்டு நிபுணர் குழு, ஆடு, மாடு, பன்றிக் கறி ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 14 கிராம் போதும் என்றது. வாரத்துக்குச் சுமார் 100 கிராம். அரைக் கிலோவை ஐந்து பேர் சாப்பிட்டால், எலும்போடு சேர்த்தே அவ்வளவுதான். ஆக, இந்த அறிவுரை தினமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு. சட்டமும் இல்லை.

நம் பிரச்சினை வேறு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, நமக்கு வெறும் குழம்புதான் மிச்சம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. கறியின் இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும்.

கறி வேண்டாம் என்பவரை வற்புறுத்தவும் கூடாது. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்களே! அதுபோல அவர்களுக்கும் வழி இருக்கு: கீரை, பயறு, கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. சாப்பிட்ட உடனே டீ வேண்டாம்.

எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் நம் பங்கை நாம் எடுத்து வைப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவையும் பார்த்துக்கொள்வோம்.