ஆய்வுகூடத்துக்கும் ஒரு கணக்காய்வு வேண்டும்

கடந்த பங்குனி மாதம், வருமானவரிப் படிவங்கள் மேசையில் குவிந்து கிடந்த நேரம், ஸ்காபரோவில் உள்ள எமது சிறிய அலுவலகத்துக்கு நண்பர் ஒருவர் வந்தார். வரி விடயமாக அல்ல. சுன்னாகத்துக்கு அருகில் இருக்கும் அவருடைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பற்றிய இரண்டு அறிக்கைகளை மேசையில் வைத்தார். தாயார் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு அறிக்கையில் எண்ணெய், கிறீஸ் லீற்றருக்கு 0.8 மில்லிகிராம் என்று இருந்தது. மற்றதில் "கண்டறியப்படவில்லை". இரண்டும் ஒரே கிணறு, ஒரே கிழமை.

"அண்ணை, நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள். இதிலை எது சரி எண்டு சொல்லுங்கோ. அம்மா குடிக்கலாமோ, குடிக்கக் கூடாதோ?"

நாம் படித்தது வணிகமாணி. இரசாயனம் க.பொ.த. சாதாரண தரத்தோடு முடிந்த கதை. ஆனாலும் அந்தக் கேள்வியை ஒதுக்க முடியவில்லை. தண்ணீரைப் பற்றி எமக்குத் தெரியாது. ஒரு கூற்றை யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார், அவரை யார் சரிபார்த்தார் என்று கேட்பது எமது தொழில். முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறோம். அந்தக் கேள்விகளோடு அறிக்கைகளைப் புரட்டினோம்.

இரண்டாவது அறிக்கையின் அடியில், சிறிய எழுத்தில், "முறையின் கண்டறியும் எல்லை: 5 மி.கி./லீ." என்று இருந்தது. அதாவது, ஐந்துக்குக் குறைவாக எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் அந்த முறைக்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையை ஆயிரம் ரூபாவுக்குக் கிட்டிய எண்ணாக எழுதினால் நானூறு ரூபா கடன் அதில் பூச்சியமாகத்தான் தெரியும். கடன் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆக இந்த இரண்டு அறிக்கைகளும் ஒன்றோடொன்று முரண்படவே இல்லை. ஒன்று நுணுக்கமான தராசில் நிறுத்தது. மற்றது மரக்காலைத் தராசில் நிறுத்தது. ஆனால் "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லை வாசித்த சகோதரர், கிணறு சுத்தம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்ததாக ஒன்றைக் கவனித்தோம். 0.8 என்று சொன்ன அறிக்கையிலும் அந்த எண்ணை நம்புவதற்கு எதுவும் இருக்கவில்லை. எந்த முறையில் அளந்தார்கள் என்று இல்லை. எவ்வளவு கூடிக் குறையலாம் என்று இல்லை. தலைப்பில் ஐ.எஸ்.ஓ. 9001 என்ற முத்திரை மட்டும் பளபளத்தது.

இங்கேதான் எம்மவர் பலரும் ஏமாறுகிறார்கள். 9001 என்பது ஒரு நிறுவனம் ஒழுங்காக நிர்வகிக்கப்படுகிறதா என்பதற்கான சான்றிதழ். சோப் தொழிற்சாலையும் அதைப் பெறலாம், பயண முகவரும் பெறலாம். அந்த ஆய்வுகூடத்துக்கு எண்ணெயை அளக்கத் தெரியுமா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தராதரத்தின்படி வழங்கப்படும் 'அக்கிறெடிற்றேசன்'. இதை இங்கே தகுதி அங்கீகாரம் என்று எழுதுகிறோம்.

கணக்காய்வு என்ன என்று தெரிந்தவருக்கு இது புதிய விடயம் அல்ல. அங்கீகாரம் வழங்கும் சபை, அந்தத் துறை தெரிந்த நிபுணர்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும். அவர்கள் கோப்புகளை மட்டும் பார்ப்பதில்லை. பரிசோதகர் சோதனையைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அந்தத் தராசைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள், எந்த நிறைகல்லை வைத்து, அந்த நிறைகல்லைச் சரிபார்த்தது யார் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அந்தச் சங்கிலி ஒரு நாட்டின் தேசிய அளவியல் நிறுவனத்தில் போய் முடியவேண்டும். நாமும் இப்படித்தான்: ஐந்தொகையில் ஒரு எண்ணைக் கண்டால் பேரேட்டுக்குப் போவோம், அங்கிருந்து நாளேட்டுக்கு, அங்கிருந்து பற்றுச்சீட்டுக்கு. இடையில் ஒரு கண்ணி அறுந்தால் அந்த எண் வெறும் எண்.

இன்னொரு சோதனை எமக்கு மிகவும் பிடித்தது. ஒரே மாதிரியைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்புவார்கள். உண்மையான அளவு எவ்வளவு என்று எந்தக் கூடத்துக்கும் சொல்வதில்லை. எல்லோருடைய விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், யார் கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். கணக்காளர் தொழிலிலும் இப்படி ஒன்று வந்தால் பலருக்கு வியர்க்கும்.

இந்த அங்கீகாரம் முழு ஆய்வுகூடத்துக்கும் மொத்தமாகக் கிடைப்பதல்ல என்பதையும் சொல்லவேண்டும். சோதனைக்குச் சோதனை தனித்தனியாகக் கிடைப்பது. நீரில் ஈயம் அளக்க அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு எண்ணெய் அளக்க அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். அங்கீகாரம் பெற்ற சோதனைகளின் பட்டியலை அந்தந்தச் சபையின் இணையத்தளத்தில் பார்க்கலாம். கனடாவில் அது கனடா தரங்கள் சபை. இலங்கையில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை அங்கீகாரச் சபை. அங்கீகார முத்திரை உள்ள அறிக்கையிலும், பட்டியலுக்கு வெளியே உள்ள சோதனைக்கு நட்சத்திரக் குறியோ வேறு குறிப்போ இட்டிருப்பார்கள். அந்த நட்சத்திரத்தைத் தேடுங்கள்.

இதெல்லாம் காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்ராறியோவில் நடந்த இரண்டு விடயங்களைச் சொல்லலாம்.

2000ஆம் ஆண்டு வைகாசி. நாம் கனடாவுக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாம் என்பதே எமக்கு அதிசயமாக இருந்த காலம். வோக்கர்ட்டன் என்ற சிறிய ஊரில், கனமழைக்குப் பின்னர், மாட்டெருவில் இருந்த ஈ. கோலி கிருமி ஒரு நகரக் கிணற்றுக்குள் போனது. சுமார் 4,800 பேர் வாழ்ந்த அந்த ஊரில் 2,300 பேர் வரை நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மாகாண அரசின் ஆய்வுகூடங்கள் நகரசபைகளின் தண்ணீரைப் பரிசோதிப்பதை 1996இல் நிறுத்தி, அந்த வேலையைத் தனியாரிடம் விட்டிருந்தன. ஆனால் அந்தத் தனியார் கூடங்கள் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்றோ, கிருமி கண்டால் சுகாதாரப் பகுதிக்கு நேராக அறிவிக்க வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் இருக்கவில்லை. ஆய்வுகூடம் தொற்றைச் சரியாகவே கண்டது. மே 17ஆம் திகதி முடிவை நீர்ச்சேவைக்குத் தொலைநகலில் அனுப்பியது. அங்கிருந்த முகாமையாளர் அதை மறைத்துவிட்டார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவித்தல் 21ஆம் திகதிதான் வந்தது.

இதில் அளவீடு பிழைக்கவில்லை, அளவீட்டைச் சுற்றி இருக்கவேண்டிய கடமைகள்தான் இருக்கவில்லை. அதே ஆண்டு ஆவணியில் ஒன்ராறியோ விதிகளை மாற்றியது. நீதிபதி டெனிஸ் ஓகொனரின் விசாரணைக்குப் பின்னர் 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. இன்று இந்த மாகாணத்தில் குடிநீரைப் பரிசோதிக்கும் கூடத்துக்கு அங்கீகாரமும் அனுமதிப்பத்திரமும் இரண்டும் வேண்டும்.

இரண்டாவது கதை எம்மை இன்னும் அதிகமாக உலுக்கியது. ரொறன்ரோவின் சிக் கிட்ஸ் மருத்துவமனையை எம்மவரில் அறியாதவர் இல்லை. எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளின் உயிரைக் காத்த இடம். அங்கே மதரிஸ்க் என்று ஒரு ஆய்வுகூடம் இருந்தது. பெற்றோர் போதைப்பொருளோ மதுவோ பாவிக்கிறார்களா என்று அவர்களுடைய தலைமுடியைப் பரிசோதித்து, சிறுவர் பாதுகாப்புச் சங்கங்களுக்கு அறிக்கை கொடுத்தது. 2005 முதல் 2015 வரை 16,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் முடி அங்கே போனது. அந்த அறிக்கைகள் நீதிமன்றங்களில் சாட்சியமாயின. பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள், சிலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் 2015 மார்கழியில் தனது மீளாய்வை வெளியிட்டபோது, அந்தச் சோதனைகள் அந்தத் தேவைக்குப் போதாதவை, நம்பத்தகாதவை என்று எழுதினார். பல வருடங்களாக முதற்கட்டச் சோதனையின் முடிவையே இறுதி முடிவாகக் கொடுத்திருந்தார்கள். வேறொரு முறையால் அதை உறுதிப்படுத்தவில்லை. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு ஒழுங்காக இல்லை. நீதிமன்றத்துக்குச் சாட்சியம் தரும் ஒரு தடயவியல் கூடத்துக்குரிய அங்கீகாரம் அதற்கு இருக்கவில்லை. பின்னர் நீதிபதி ஜூடித் பீமனின் ஆணைக்குழு 1,271 கோப்புகளைப் பார்த்து, 56 வழக்குகளில் அந்தச் சோதனை முடிவுகள் கணிசமான தாக்கத்தைச் செலுத்தியதாக 2018இல் அறிவித்தது. தத்துக் கொடுத்த பிள்ளை திரும்பி வருவது எளிதல்ல. மிகச் சில குடும்பங்களே மீண்டும் சேர்ந்தன.

பத்து வருடமாக ஏன் எவரும் கேட்கவில்லை? பெயர்தான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். இவ்வளவு பெரிய மருத்துவமனை பிழை விடுமா என்று சட்டத்தரணிகளும் நினைத்தார்கள், நீதிபதிகளும் நினைத்தார்கள். பெயர் பெற்ற கணக்காய்வு நிறுவனம் என்றபடியால்தான் என்ரோனின் கணக்கையும் உலகம் நம்பியது.

எமது குடும்பங்களுக்கு இது நேரே வந்து தொடும் இடம் ஒன்று உண்டு. மரபணுப் பரிசோதனை. வன்னியில் பிறந்து, இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த பிள்ளைகளை இங்கே அழைக்கும்போது, குடிவரவுத் திணைக்களம் சில வேளைகளில் உறவை நிரூபிக்கச் சொல்லும். கனடாவைப் பொறுத்தவரை, அந்தப் பரிசோதனை கனடா தரங்கள் சபையின் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் நடக்கவேண்டும். எமக்குத் தெரிந்த ஒரு தகப்பன், மலிவு என்று இணையத்தில் பெட்டி ஒன்றை வாங்கி, வீட்டிலேயே பஞ்சால் கன்னத்தைத் தேய்த்து அனுப்பினார். பிள்ளையின் மாதிரியும் அப்படியே ஊரிலிருந்து தபாலில் போனது. தகப்பனும் பிள்ளையும்தான் என்று முடிவு வந்தது. முடிவு உண்மைதான், ஆனால் அந்தப் பஞ்சு யாருடைய கன்னத்தைத் தொட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. திணைக்களம் ஏற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து எல்லாம் தொடங்கவேண்டி வந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது. ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கொண்டிருந்த குடும்பம் அது.

பரிசோதனைக் கூடங்கள் போலவே மேற்பார்வை செய்து சான்று தரும் நிறுவனங்களும் உண்டு: மின்தூக்கி, கொதிகலன், கப்பலில் ஏற்றும் சரக்கு என்று பார்வையிட்டுச் சொல்பவர்கள். அவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17020. அதில் ஏ, பி, சி என மூன்று வகை. ஏ வகை என்றால், பார்வையிடும் பொருளைச் செய்பவரோடும் விற்பவரோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். பி வகை தன் சொந்த நிறுவனத்துக்குள்ளேயே பார்ப்பவர். சி வகை சொந்த நிறுவனத்துக்கும் வெளியாருக்கும் பார்ப்பவர். வெளிக் கணக்காய்வாளருக்கும் உள்ளகக் கணக்காய்வாளருக்கும் உள்ள அதே வேறுபாடு. எமது கடைக்காரர்கள் ஊரிலிருந்து மிளகாய்த்தூளும் அரிசியும் இறக்கும்போது, கூடவே வரும் சான்று எந்த வகையாரிடமிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்தால் நல்லது.

ஒரு நாட்டின் முத்திரையை இன்னொரு நாடு ஏன் ஏற்கவேண்டும் என்ற கேள்வி வரும். அங்கீகாரச் சபைகள் ஒன்றையொன்று சோதித்து, ஒருவருடைய அங்கீகாரத்தை மற்றவர் ஏற்கும் சர்வதேச உடன்பாடு 2000 கார்த்திகையில் கையெழுத்தானது. அதனால் கொழும்பில் அங்கீகாரம் பெற்ற சோதனையின் முடிவு ரொறன்ரோவிலும் பெறுமதி உள்ளது. சோதிப்பவரைச் சோதிப்பவரையும் ஒருவர் சோதிக்கிறார். இதற்கு முடிவு எங்கே என்று கேட்டால், எமது தொழிலிலும் அதற்கு விடை இல்லை.

அங்கீகாரம் பெற்ற கூடமும் பிழை விடும். பணம் செலவாகும் என்பதால் நல்ல சிறிய கூடங்கள் சில அதை எடுக்காமலும் இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற இடத்தில் பிழை நடந்தால் தோண்டிப் பார்க்க ஏதாவது இருக்கும்: மாதிரி இலக்கம், சோதித்தவர் பெயர், கருவி, மூலப் பதிவு, முறைப்பாடு செய்ய ஓர் இடம்.

சுன்னாகத்தில் அனல்மின் நிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்ததாக எழுந்த பிரச்சினையில் மக்களுக்கு இல்லாமற் போனது அதுதான். நீர் வழங்கல் சபையின் பரிசோதனை ஒன்று சொன்னது, மாகாணசபை அமைத்த நிபுணர் குழு வேறொன்று சொன்னது. வீட்டுக்காரர் கிணற்றடியில் நின்று குழம்பினார்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனத்தை 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. வழக்கு முடிந்தாலும், ஒவ்வொரு கிணற்றுக்கும் பதில் தனித்தனியாகத்தான் தேடவேண்டும்.

நண்பருக்கு என்ன சொன்னோம்? முதலில் மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டோம். ஊருக்கு அழைப்பு எடுத்து விசாரித்தார். வெறும் சோடாப் போத்தலில், மத்தியான வெயிலில், மோட்டார் சைக்கிளில் கொண்டு போனார்களாம். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டும், அமிலம் இடவேண்டும், குளிரில் வைக்கவேண்டும். "பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்" என்று அறிக்கையில் எழுதுவது இதற்காகத்தான். அவர்கள் சோதித்தது கிணற்றை அல்ல, அந்தப் போத்தலை.

நீரில் எண்ணெய் அளப்பதற்கு அங்கீகாரம் உள்ள கூடத்தை இலங்கைச் சபையின் பட்டியலில் தேடி எடுத்தோம். தகுந்த போத்தலைக் கூடமே தரும் என்றும், கண்டறியும் எல்லை எவ்வளவு என்பதைக் காசு கட்டுவதற்கு முன்னரே கேட்கும்படியும் சொன்னோம். சகோதரர் போன கிழமை மாதிரியைக் கொடுத்துவிட்டார். அறிக்கை இன்னும் வரவில்லை. அம்மா குடிக்கிற தண்ணீரைப் பக்கத்து ஊரிலிருந்து கானில் எடுத்து வருகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் இப்போதைக்கு வாழைக்குப் போகிறது.