கரையிறங்கிக் கானுயிர் காணல்



நான் வாழும் ஊர் திருவாலங்காடு. எங்கள் ஊரின் பெயரால் வழங்கும் செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திர சோழன் ஈழத்தை வென்றதையும், அவன் படை கடல் கடந்து கடாரம் கொண்டதையும் அவை கூறுகின்றன. அன்று கப்பலேறியவர்கள் படைக்கலத்தோடு சென்றார்கள். இன்று நம் வட்டாரத்து மக்கள் மனைவி மக்களோடு உல்லாசக் கப்பலேறுகிறார்கள். 2023 ஜூன் 5 அன்று 'எம்பிரஸ்' என்னும் பெருங்கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு ஈழத்துக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்னும் மூன்று துறைகளும் அதன் பயண நிரலில் இடம்பெற்றன. இத்தகைய பயணங்கள் ஆண்டுதோறும் பருவத்துக்கேற்ப மாறக்கூடியவை. ஆயினும், கப்பல் ஒரு துறையில் நிற்கும் சில மணி நேரத்தில் குழந்தைகளோடு கரையிறங்கி விலங்கும் பறவையும் காண எங்கே செல்வது என்னும் கேள்வி, எந்தக் கப்பலில் சென்றாலும் எழுவதேயாகும். அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

அந்த ஆண்டின் கோடையில் என் மகள் ஒரு விளம்பர ஏட்டைக் கொண்டுவந்து என் முன் விரித்தாள். மருமகனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆண்டில் ஒரு வாரமே அவருக்கு முழு ஓய்வு. பேத்திக்கு வயது பதினொன்று, பேரனுக்கு ஏழு. "அப்பா, இத்தனை உலாக்கள் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் 'மிக அருகில்' என்றே எழுதியிருக்கிறது. எதற்குப் பணம் கட்டுவது?" என்று கேட்டாள். நான் உடனே விடை கூறவில்லை. 'மிக அருகில்' என்னும் சொல் எனக்கு ஒரு பழைய தவற்றை நினைவூட்டியது.

ஆசிரியப் பணியில் இருந்த நாளில், பல ஆண்டுகளுக்கு முன், மாணவர் சிலரைப் பழவேற்காட்டு ஏரிக்கு அழைத்துச் சென்றேன். பனிக்காலம். தொலைவில் பூநாரைக் கூட்டம் ஒன்று ஆழமற்ற நீரில் அலகைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தது. படகோட்டி நிற்கலாம் என்றார். நான்தான், "இன்னும் கொஞ்சம் அருகே போங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றேன். கூட்டம் முழுவதும் ஒருசேர எழுந்து பறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருவன் மட்டும் கைதட்டாமல், "ஐயா, அவை சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போய்விட்டனவே" என்றான். நெடுந்தொலைவு பறந்து வலசை வரும் பறவைக்கு ஒவ்வொரு வேளை இரையும் திரும்பிச் செல்லும் பயணத்துக்கான சேமிப்பு என்பதை வகுப்பில் கற்பித்தவன் நான். அதை ஏரியில் மறந்தேன். அன்று எவருக்கும் மிதவைச் சட்டை இல்லை என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர், 2011 டிசம்பர் 25 அன்று, அதே பழவேற்காட்டில் விடுமுறை கொண்டாடச் சென்ற சுற்றத்தார் ஏறிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தியைப் படித்த இரவு நான் உறங்கவில்லை.

ஆகையால் மகளிடம் கூறினேன்: "எந்த உலா விலங்கை மிக அருகில் காட்டும் என்று கேளாதே, அம்மா. குழந்தை நலமாகத் திரும்புமா, விலங்கு விரும்பினால் விலகிப் போக இடமுண்டா என்று கேள்." இதனை நான்கு வினாக்களாகப் பிரித்துக்கொண்டு இருவரும் அந்த ஏட்டைச் சோதித்தோம்.

முதல் வினா கடிகாரத்தைப் பற்றியது. இதனை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கப்பல் காலை 8 மணிக்குத் துறையை அடைந்து மாலை 5 மணிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். பயணிகள் 4 மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்பார்கள். எட்டு மணி நேரம் மிஞ்சுகிறது. இறங்குவதற்கும் கடவுச்சீட்டுச் சோதனைக்கும் ஒரு மணி. வழியில் நேரும் தடைக்கென ஒரு மணி. எஞ்சுவது ஆறு மணி. இந்த ஆறில், போக வர ஆகும் பயணம் பாதியை மீறலாகாது என்பது எங்கள் விதி. கப்பல் நிறுவனமே நடத்தும் உலாவில் தாமதம் நேர்ந்தால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமாக வண்டி அமர்த்திக்கொண்டு சென்றால் காத்திராது. இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றே. சிங்கப்பூர் போன்ற துறையாயின் இரண்டரை மணி முன்னே இருக்கும். அங்கே கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள மறந்து கப்பலைத் தவறவிடுவோர் உண்டு.

இரண்டாம் வினா பருவத்தையும் பொழுதையும் பற்றியது. வலசைப் பறவை குளிர்காலத்தில் வரும், கோடையில் இராது. காட்டு விலங்குகளிற் பல விடியலிலும் அந்தியிலும் நடமாடி, உச்சிவெயிலில் நிழலில் ஒடுங்கும். கப்பற் பயணியோ பெரும்பாலும் முற்பகல் 10 மணிக்குமேல் காட்டை அடைந்து பிற்பகல் 2 மணிக்குத் திரும்புகிறான். கப்பலின் நேரமும் விலங்கின் நேரமும் முரண்படுகின்றன என்பதை விளம்பர ஏடு சொல்லாது.

மூன்றாம் வினா குழந்தையைப் பற்றியது. ஏழு வயதுச் சிறுவன் குலுங்கும் ஜீப்பில் நான்கு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பானா? படகாயின், அவன் உடலுக்குப் பொருந்தும் அளவில் மிதவைச் சட்டை உண்டா? பெரியவர் சட்டையைச் சிறுவனுக்கு அணிவித்தால் நீரில் அது நழுவிவிடும். 'உண்டு' என்னும் சொல் போதாது. ஏறுமுன் கண்ணால் கண்டு, அணிவித்து, வார்களை இறுக்கிய பின்னரே படகில் கால் வைக்க வேண்டும்.

நான்காம் வினா விலங்கைப் பற்றியது. அதனைத் தொடலாம், ஊட்டலாம், அதன்மேல் ஏறலாம், அதனோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தால், விலகிப் போக அதற்கு உரிமை இல்லை என்று பொருள். ஆமைக்குஞ்சைக் கையில் தருவது குழந்தைக்கு இனிமைதான். ஆயினும் பொரித்தவுடன் கடல் நோக்கி ஓடுவதற்கென்றே இயற்கை அதற்குக் கொடுத்த வலிமை, தொட்டியிலும் கைகளிலும் செலவாகிவிடுகிறது.

இவ்வினாக்களைக் கொண்டு துறைதோறும் சோதித்த முறையைக் கூறுகிறேன். அவர்கள் பயணம் ஜூன் மாதத்தில் அமைந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அம்பாந்தோட்டையிலிருந்து செல்லத்தக்கவை மூன்று. ஒன்று பூந்தல. துறைமுகத்துக்கு மிக அண்மையிலுள்ளது. 1990இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இலங்கையில் அப்பெயர் பெற்றவற்றுள் முதலாவது. கணக்குக்கு மிக நன்று. ஆயினும் வலசைப் பறவைகள் ஜூனில் அங்கே இரா. பனிக்காலப் பயணமாயின் பறவை விரும்பும் பிள்ளைகளுக்கு நான் இதனையே முதலில் சொல்வேன்.

மற்றொன்று யால. 1938 முதல் தேசிய வனமாக விளங்குவது, சிறுத்தைக்குப் புகழ்பெற்றது. பேத்தி அதையே கேட்டாள். சிங்கமும் புலியும் இல்லாத அத்தீவில் சிறுத்தையே தலைமை வேட்டை விலங்கு. ஆனால் உச்சிவேளையில் சென்று சிறுத்தையைக் காண்பது அரிது. ஒரு சிறுத்தை தென்பட்டால் ஜீப்புகள் பல ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. அங்கே தங்கி, விடியலில் செல்லக்கூடியவர்களுக்கு ஏற்ற வனம் அது. கப்பற் பயணிக்கு அன்று.

மூன்றாவது உடவளவை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். போக வர மூன்று மணி. எங்கள் விதிக்குச் சரியாகப் பொருந்துகிறது. அங்கே 1972இல் அமைந்த தேசிய வனமும், 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகளுக்கான இடைக்கால இல்லமும் உள்ளன. தாயை இழந்த குட்டிகள், கிணற்றிலும் பள்ளத்திலும் வீழ்ந்து பிரிந்த குட்டிகள் ஆகியவற்றை அங்கே வளர்க்கிறார்கள். ஏறத்தாழ மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். நண்பகலிலும் ஒரு வேளை உண்டு. ஆகவே விலங்கு வருமோ வாராதோ என்னும் ஐயமில்லை. பார்வையாளர் தள்ளி நின்றே காண வேண்டும். தொடவோ ஊட்டவோ இடமில்லை. ஓரளவு வளர்ந்த பின் அக்குட்டிகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்டவை காட்டுக்குத் திரும்பியுள்ளன. நான்கு வினாக்களுக்கும் ஏற்ற விடை தந்தது இது ஒன்றே.

திருகோணமலையில் ஏடு புகழ்ந்தது புறாத்தீவை. நிலாவெளிக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ளது; 2003இல் தேசிய வனமாக்கப்பட்டது. பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் நிறைந்தது. ஜூனில் அக்கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் கொந்தளிக்கும். நீந்தத் தெரிந்தவர்க்கு ஏற்றதே. பேரனுக்கு நீந்தத் தெரியாது. நீந்தத் தெரியாதவர் கால் ஊன்ற இடம் தேடிப் பவளத்தின்மேல் நிற்பர். ஓராண்டில் ஓரிரு விரலளவே வளரும் உயிர் அவர் காலடியில் ஒரு நொடியில் நொறுங்கும். மின்னேரியாக் குளத்தில் யானைகள் பெருங்கூட்டமாகத் திரளும் காட்சியோ ஜூலைக்குப் பின்னரே சிறக்கும். பயணமும் ஒரு வழிக்கே ஏறத்தாழ இரண்டு மணி. கணக்கில் அது தோற்றது.

அவ்வாறாயின் திருகோணமலையில் காண்பதற்கு ஒன்றுமில்லையா? உண்டு. ஏட்டில் இல்லாத ஒன்று. திருக்கோணேச்சரம் செல்லும் வழி பழைய பிரெடரிக் கோட்டைக்குள்ளே செல்கிறது. அங்கே புள்ளிமான்கள் மரநிழலில் கட்டற்று உலவுகின்றன. சம்பந்தர் எங்கள் திருவாலங்காட்டையும் பாடினார், அக்கோணமலையையும் பாடினார். வழிபாட்டுக்குச் செல்லும் பெரியவர்களும் மான் காணும் சிறுவர்களும் ஒரே நடையில் நிறைவு பெறலாம். தின்பண்டம் மட்டும் கொடுக்கலாகாது. நெகிழிப் பையோடு அதை விழுங்கும் மான் நோயுற்று மடியும்.

காங்கேசன்துறையில் என் மகள் விரும்பியது நெடுந்தீவு. அங்கே காட்டுக்குதிரைகள் மந்தையாகத் திரிகின்றன. கேட்கவே ஆவல் எழும். ஆயினும் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஒரு மணிக்கு மேற்பட்ட சாலைப் பயணம். அதன் பின் ஏறத்தாழ ஒரு மணி படகுப் பயணம். போக வர ஐந்து மணியை நெருங்கும். எஞ்சும் ஒரு மணிக்காக ஒரு குடும்பத்தைக் கடலில் அலைக்கழிப்பது அறிவன்று. "வேறொரு முறை யாழ்ப்பாணத்தில் தங்கிப் பாருங்கள்" என்றேன். பறவைப் பருவமாயின், நம் தொண்டை மண்டலத்தை நினைவூட்டும் பெயருடைய தொண்டைமானாற்றின் நீர்க்கரையே போதுமானது. அது துறைக்கு அண்மையிலேயே உள்ளது.

பேத்தி முகம் வாடினாள். சிறுத்தை இல்லை, பவளம் இல்லை, குதிரை இல்லை. தாத்தா எல்லாவற்றையும் அடித்துவிட்டார் என்றாள். அவள் குறையில் நியாயம் இருந்தது. ஓராண்டுச் சேமிப்பில் செல்லும் பயணம் அது. கட்டுப்பாடு கூறும் முதியவன் அதன் இனிமையைக் கெடுத்துவிடுகிறேனோ என்னும் ஐயம் எனக்கும் இருந்தது.

அவர்கள் திரும்பிவந்த பின் பேரன் ஓடிவந்து கூறினான்: "தாத்தா, ஒரு குட்டி பால் குடித்து முடித்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டுப் பக்கமாகவே நடந்து போய்விட்டது. அதுதான் நல்லதாம்!" பேத்தி ஒன்றும் கூறாமல் தன் குறிப்பேட்டை நீட்டினாள். அதில், அந்தக் குட்டிகள் எவ்வெவ்வாறு தாயை இழந்தன என்று கேட்டு எழுதியிருந்தாள்: கிணறு, புகைவண்டி, துப்பாக்கி. சிறுத்தையைப் பற்றி அவள் மீண்டும் பேசவில்லை.

கப்பலேற எல்லாருக்கும் வாய்க்காது. அதனால் குறையில்லை. வரும் தை மாதத்தில் ஒரு விடியற்காலை, பிள்ளைகளோடு பழவேற்காட்டுக்குச் செல்லுங்கள். படகு வேண்டா. ஒரு தொலைநோக்குக் கண்ணாடியும் குடிநீரும் போதும். கரையிலேயே நின்று, பூநாரைகள் தலை கவிழ்த்து இரை தேடுவதைப் பாருங்கள். நீங்கள் திரும்பிப் புறப்படும்போதும் அவை இரை தேடிக்கொண்டே இருக்குமாயின், நீங்கள் சரியாகப் பார்த்தீர்கள் என்று கொள்ளலாம்.