வாகனம் ஓட்டும்போது கைபேசி: எந்தக் கருவியை வாங்குவது?

நோயாளிகளுடன் தங்கியிருக்கும் உறவினர்கள் பொதுவாக மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும்தான் கேட்பார்கள். அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது. திருச்செந்தூரிலிருந்தோ விளாத்திகுளத்திலிருந்தோ நாள்தோறும் வண்டியில் வந்து போகிறவர்கள் அதைக் கேட்கிறார்கள். வழியில் வார்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருக்க முடியவில்லை. கையில் பிடிக்காமல் பேசுவதற்கு நல்ல கருவி எது என்பதே அந்தக் கேள்வி.

கேட்பவர்களின் தவிப்பு நியாயமானது. அறுவை சிகிச்சை அரங்கின் வாயிலில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, மருந்துச் சீட்டுடன் நகருக்குள் சென்றிருக்கும் தம்பிக்குச் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தால் மனம் பதறத்தான் செய்யும். அது வங்கியின் விளம்பர அழைப்பாகவும் இருக்கலாம். மருத்துவர் கையொப்பம் கேட்கும் அழைப்பாகவும் இருக்கலாம். எடுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

ஆகவே கருவிகளைப் பற்றி இங்கே விரிவாகவே சொல்கிறோம். ஆனால் அதற்கு முன், கடைக்காரர் சொல்லாத ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாம் கைக்குத்தான் ஓய்வு தருகின்றன.

1997இல் கனடாவின் டொராண்டோ நகரில் மருத்துவர் டொனால்டு ரெடெல்மையரும் புள்ளியியலாளர் ராபர்ட் டிப்ஷிரானியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கிய, கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விபத்துக்கு முந்திய சில நிமிடங்களில் அவர் பேசினாரா, முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினாரா என்று ஒப்பிட்டார்கள். பேசிக்கொண்டு ஓட்டும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு இதில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்கத் தோன்றும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்துக்குப் பின் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 456 ஓட்டுநர்களிடம் இதே முறையில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். அங்கும் நான்கு மடங்குதான். கையில் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற வேறுபாடு அங்கும் பெரிதாகத் தென்படவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் காரணத்தைத் தேடினார்கள். செயற்கைச் சாலைக் காட்சியில் ஓட்டுபவரின் கண் எங்கே பதிகிறது என்பதைக் கருவியால் அளந்தார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களின் கண், சாலையோரப் பொருளின்மீது நேராகப் பதிந்திருந்தது. பின்னர் கேட்டபோது, அப்படியொரு பொருளைக் கண்டதாகவே பலருக்கு நினைவில்லை.

முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி வழியாக இரவில் வந்து பழகியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். துறைமுகத்தை நோக்கித் திரும்பும் டிரெய்லர், பின்விளக்கு எரியாத உப்பு லாரி, தைப்பூசக் காலத்தில் பச்சை உடையுடன் சாலையின் ஓரமாக நடந்து செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் எனப் பலவும் அச்சாலையில் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்தும் மனம் பார்க்காத இரண்டு வினாடிகள் போதும், விபத்து நேர.

நம் கரையில் முத்துக் குளித்த காலத்தை மூத்தவர்கள் சிலர் இன்னும் நினைவுகூர்வார்கள். இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது; சங்கு குளிப்பு பின்னரும் தொடர்ந்தது. கல்லைப் பற்றிக்கொண்டு ஒருவர் கடலடிக்கு இறங்க, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவர் கயிற்றை இழுப்பார். மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற பொறுப்பு மச்சானுக்குத்தான் இருக்கும் என்பதால், கயிறு பிடிக்க மச்சானையே நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு. கயிறு அவர் கையில் இருந்தாலும், இழுப்பை உணர வேண்டியது அவருடைய மனம். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் ஊர்க்கதை பேசமாட்டார்கள்.

பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசிக்கொண்டு ஓட்டுவதில்லையா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. யூட்டா குழுவினரே 2008இல் இதையும் ஆராய்ந்தார்கள். உடன் வருபவருக்கும் சாலை தெரிகிறது. லாரி குறுக்கிட்டால் அவரே பேச்சை நிறுத்திவிடுகிறார். திரும்ப வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டவும் செய்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கோ எதுவும் தெரியாது. நீங்கள் ஆற்றுப் பாலத்தின்மீது எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான், சர்க்கரை அளவு 280 என்று சொல்லிவிட்டு அவர் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார்.

இனிச் சட்டம். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்த தொலைபேசியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்று கருதுகிறது. முதல் முறை 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் அபராதம் 10,000 ரூபாய். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, ஓட்டுபவரின் கவனத்தைக் குலைக்காத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம். கருவி வாங்கிவிட்டால் சட்டச் சிக்கல் குறையும் என்பது உண்மைதான். டிரெய்லருக்கு அந்தச் சட்டம் தெரியாது.

சரி, காரில் வருகிறவர்கள் எதை வாங்கலாம்? உங்கள் காரின் ஸ்டீரியோவிலேயே புளூடூத் வசதி இருந்தால் தனிக் கருவிக்குச் செலவு செய்ய வேண்டாம். ஸ்டியரிங்கிலேயே அழைப்பை எடுக்கவும் துண்டிக்கவும் பொத்தான் இருந்தால் அதுவே சிறந்தது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பழைய காராக இருந்தால், ஓட்டுநருக்கு மேலுள்ள வெயில் தடுப்பில் செருகும் சிறிய புளூடூத் ஒலிபெருக்கிகள் கிடைக்கின்றன. இவை இரண்டு காதுகளையும் அடைப்பதில்லை என்பது பெரிய நன்மை. வாங்குமுன் கடை வாசலிலேயே, வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு ஒருவரை அழைத்துப் பேசிப் பாருங்கள். நீங்கள் சொல்வதை அவர் இரண்டு முறை கேட்க வைக்கும் மைக், விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம். கத்திப் பேசுவதும் திரும்பத் திரும்பச் சொல்வதும் கவனத்தை மேலும் தின்னும். வண்டியில் ஏறியவுடன் தானே கைபேசியோடு இணைந்துகொள்கிறதா, பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதில் மாட்டும் கருவியைத்தான் வாங்குவீர்கள் என்றால், ஒரு காதில் மட்டும் மாட்டுவதாக இருக்கட்டும். சுற்றொலியை அடக்கும் வசதி கொண்ட இயர்பட்ஸ் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. விமானத்தில் அது நல்ல வசதி. சாலையில் அது அடக்குவது பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் 108 வாகனத்தின் சைரனையும்தான்.

கைபேசியை வைக்கும் தாங்கியைப் பற்றியும் ஒரு சொல். முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் பார்வை மறையும். ஏர்பேக் இருக்கும் மூடியின்மீது ஒட்டினால், மோதலின்போது ஏர்பேக் விரியும் வேகத்தில் கைபேசி முகத்தை நோக்கிப் பறக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் உறிஞ்சு வட்டின் பிடி தளர்ந்துவிடும். கைபேசியையும் பேட்டரி உள்ள கருவிகளையும் அங்கே விட்டுச் செல்லவே கூடாது.

குரலால் கட்டளையிடும் வசதியைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். கையால் தேடுவதைவிட மேல்தான். எனினும் 2015இல் அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், மிகவும் சிக்கலான குரல் அமைப்புகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனம் முழுமையாகத் திரும்ப 27 வினாடிகள் வரை ஆனது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 450 மீட்டர்.

இரு சக்கர வண்டியில் வருகிறவர்களே நம் வாசகர்களில் மிகுதி. அவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஒன்றே: எதையும் வாங்க வேண்டாம். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைபேசியைச் செருகிக்கொண்டு பேசுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அதில் கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது. தலைக்கவசம் தன் இடத்திலிருந்து நகர்கிறது. கைபேசி நழுவினால் கை தானாகவே கைப்பிடியை விட்டுவிடுகிறது. தலைக்கவசத்துக்குள் பொருத்தும் புளூடூத் கருவிகள் இந்தக் குறைகளைத் தீர்க்கின்றன என்பது சரிதான். ஆனால் காரில் கவனம் தவறினால் சுற்றிலும் இரும்பு இருக்கிறது. இரு சக்கர வண்டியில் என்ன இருக்கிறது?

சில நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கரோ ஐ.சி.டி. கருவியோ பொருத்தப்பட்டவர்கள், கழுத்தில் மாலைபோல் தொங்கும் நெக்பேண்டைத் தவிர்ப்பது நல்லது. அதன் காதுமுனைகளில் காந்தம் இருக்கிறது. காதிலிருந்து கழற்றியதும் அவை நெஞ்சின்மீது, பெரும்பாலும் கருவி பொருத்தப்பட்ட இடத்துக்கு அருகிலேயே தொங்கும். காந்தமுள்ள எதையும், கைபேசியையும் இயர்பட்ஸ் பெட்டியையும் சேர்த்து, அந்த இடத்திலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சட்டையின் இடப்பைக்குப் பதிலாகக் கால்சட்டைப் பையைப் பயன்படுத்துங்கள். காதுகேட்கும் கருவி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. எண்டாஸ்கோபி போன்றவற்றுக்காக மயக்க மருந்து பெற்றவர்கள் 24 மணி நேரம் வண்டியையே தொட வேண்டாம். அவர்களுக்குக் கருவி பற்றிய கேள்வியே எழவில்லை.

காசு செலவில்லாத ஒரு வழி உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. பெரும்பாலான கைபேசிகளின் அமைப்புகளில் ‘தொந்தரவு செய்யாதே’ என்ற முறை உண்டு. பலவற்றில் ஓட்டும் நேரத்துக்கென்றே தனி முறையும் உண்டு. அதை இயக்கினால் அழைப்புகள் ஒலிக்காது. குறிப்பிட்ட சில எண்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். வார்டில் இருக்கும் உறவினரின் எண்ணையும் மருத்துவமனை எண்ணையும் அதில் சேருங்கள். ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மட்டும் ஒலிக்கும்படியும் அமைக்கலாம். அமைக்கத் தெரியவில்லை என்றால் வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. பிறகு அந்த ஒலி கேட்டால் அது விளம்பரம் அன்று என்று உங்களுக்குத் தெரியும். அப்போதும் ஓட்டிக்கொண்டே பேச வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சாலையில் வந்தால் சுங்கச்சாவடியைத் தாண்டியதும், வேறு சாலையென்றால் அடுத்த பெட்ரோல் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ, சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்தித் திரும்ப அழையுங்கள். நெடுஞ்சாலையின் ஓரக் கோட்டில் நிறுத்திப் பேசுவது மற்றோர் ஆபத்து.

மறுமுனையில், வார்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வண்டியில் வந்துகொண்டிருப்பவரிடம் எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று கேட்பதற்காக மட்டும் அழைக்காதீர்கள், அவர் வந்துவிடுவார். அழைக்க வேண்டியிருந்தால், வண்டி ஓட்டுகிறாரா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். ஆம் என்றால், அவசரமில்லை, நிறுத்தியதும் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள். கெட்ட செய்தியாக இருந்தால் ஒருபோதும் ஓட்டுபவரிடம் சொல்லாதீர்கள்; உடன் வருபவர் இருந்தால் அவர் எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக, நோயாளியைச் சேர்க்கும்போது படிவத்தில் தொடர்பு எண் கேட்கப்படும். பெரும்பாலும் குடும்பத்தில் வண்டி ஓட்டுகிறவரின் எண்ணே அங்கே எழுதப்படுகிறது. மகன்தானே எல்லாம் பார்க்கிறான் என்று அம்மா சொல்லிவிடுகிறார். அந்த எண்ணுக்குக் கீழே, வீட்டிலோ வார்டிலோ இருக்கும் இன்னொருவரின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். மகன் பயணத்தில் இருக்கும் நேரத்தில் முதலில் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று செவிலியரிடம் வாய்மொழியாகவும் சொல்லிவையுங்கள். முன்பே எண் கொடுத்துவிட்டவர்கள், அடுத்த முறை வார்டுக்கு வரும்போது இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.