துருவேறிய போல்ட்டை முறிக்காமல் கழற்றுவது எப்படி?

குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரத்தில்தான் பழைய ஆயில் இன்ஜின் மக்கர் செய்யும். கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். கேஸ்கெட்டை மாற்றினால் போதும். ஆனால், ஹெட்டை இறக்கப் போனால் போல்ட் அசையாது. ஸ்பேனரில் குழாயைச் சொருகி ஓங்கி இழுத்தால், 'டக்'கென்று தலை முறிந்துவிடும். ஒரு போல்ட்டுக்காக இன்ஜினையே பட்டறைக்கு ஏற்ற வேண்டும். அது திரும்பி வருவதற்குள் நாற்று வாடிவிடும். கொஞ்சம் பொறுமை இருந்தால் இந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கலாம்.

இறுகுவது ஏன்?

இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருத்துவிடும். மரைகளுக்கு நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் அந்தத் துரு அடைத்துக்கொள்வதால்தான் போல்ட் இறுகுகிறது. சைலன்சர் போல்ட்டுகள் சூடாகிச் சூடாகி ஆறுவதால் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கடலோர ஊர்களில் விவசாயத்தோடு மீன்பிடித் தொழிலும் செய்யும் குடும்பங்களுக்குப் படகு இன்ஜினிலும் இதே தொல்லை உண்டு. அதன் உடல் அலுமினியம். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு உலோகமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக மரையை அடைத்துவிடும்.

முதலில் எண்ணெய், அப்புறம்தான் ஸ்பேனர்

கம்பி பிரஷ்ஷால் போல்ட்டைச் சுற்றியுள்ள துருவையும் மண்ணையும் சுரண்டி எடுக்கவும். துரு நீக்கும் எண்ணெயை மரை தொடங்கும் இடத்தில் விட்டு, ஓர் இரவு ஊறவிடவும். இடையில் மூன்று நான்கு முறை எண்ணெய் விடுவது நல்லது. டீசலும் உதவும், ஆனால், ஊற அதிக நேரம் பிடிக்கும். கிரீஸ் உள்ளே இறங்காது.

பிறகு, போல்ட் தலையில் சுத்தியலால் நேராக, அளவாகச் சில தட்டு தட்டவும். அந்த அதிர்வில் துரு விரிசல் விட, எண்ணெய் உள்ளே இறங்கும்.

அளவு சரியான ரிங் ஸ்பேனர் அல்லது ஆறுபட்டை பாக்ஸ் ஸ்பேனரையே போடவும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வழுக்கி, தலையின் முனைகளை மழுக்கிவிடும். சேற்றில் சிக்கிய டிராக்டரை முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதுபோல, முதலில் துளி இறுக்கி, பிறகு தளர்த்தவும். அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு மறுபடி தளர்த்தவும்.

திசையையும் கவனிக்கவும். பிரஷ் கட்டரில் பிளேடைப் பிடிக்கும் நட்டு பெரும்பாலும் இடது மரை. அதை வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும்.

அசையாவிட்டால் சூடு

நட்டு போட்ட போல்ட் என்றால் நட்டைச் சூடாக்கவும். உடலில் திருகிய போல்ட் என்றால் அதைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்கவும். வெளிப்பகுதி விரிந்து பிடி தளரும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், அதற்கு மிதமான சூடே போதும். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும், எச்சரிக்கை தேவை. சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். தீயைப் பற்ற வைக்கும் முன் டீசல் டேங்கை அகற்றி, வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

முறிந்துவிட்டால்?

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்த நட்டோடு திருகி எடுக்கலாம். வெல்டிங் சூடே துருவின் பிடியையும் தளர்த்தும். டிராக்டர் என்றால் வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடவும்.

உள்ளேயே முறிந்திருந்தால், சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சிறிய டிரில் பிட்டில் தொடங்கித் துளையிட வேண்டும். துளை ஓரம் சாய்ந்தால் உடலின் மரை கெட்டுவிடும். இந்தத் துளையில் எக்ஸ்ட்ராக்டரைச் செலுத்தித் திருகலாம். ஆனால், அது உள்ளே ஒடிந்தால் சாதாரண பிட்டால் துளைக்க முடியாத அளவுக்குக் கடினமானது. எண்ணெயும் சூடும் பார்த்த பிறகே, அளவான பலத்தில் திருக வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே லாபம்.

மரை கெட்டாலும் ஹெட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் பொருத்தினால் பழைய அளவு போல்ட்டையே போடலாம். துளையிடும்போதும் சுத்தியலால் அடிக்கும்போதும் கண்ணாடி கட்டாயம் அணிய வேண்டும்.

மறுபடி பூட்டும்போது

அதே அளவு, அதே தரமுள்ள புது போல்ட்டைப் போடவும். சைலன்சர் போல்ட்டில் சாதாரண கிரீஸ் கருகிவிடும். அதிக வெப்பம் தாங்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டைத் தடவவும். எண்ணெய்ப் பசை உள்ள மரை, அதே பலத்தில் கூடுதலாக இறுகிவிடும். எனவே, ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் கையேட்டில் உள்ள வரிசைப்படி, அளவுப்படி மட்டுமே இறுக்க வேண்டும்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. இன்ஜின் சும்மா நிற்கும் சித்திரையிலேயே துருவேறிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஊறவைத்து, கழற்றிப் பூட்டிவிட்டால், குறுவைத் தண்ணீருக்குத் தடை இருக்காது. ஹெட் போல்ட்டுகளை மட்டும் தேவையில்லாமல் தொட வேண்டாம்.