ஆள் போன பிறகும் நடக்கும் வழக்கு

"ஆளே போயாச்சு, இனி கேஸ் எங்கே?" என்று துக்க வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நிலம், வீடு, கடன், பாகப்பிரிவினை வழக்கென்றால் அந்தப் பேச்சை நம்பக் கூடாது. வாதியோ பிரதிவாதியோ இறந்தாலும் சொத்துரிமை வாரிசுகளிடம் போய்ச் சேருகிறது. வழக்கும் கூடவே போகிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 22-வது கட்டளையில் இதைச் சொல்கிறது.

ஆபத்து தேதிக் கணக்கில் இருக்கிறது. இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். அப்பா வீட்டில் மூச்சுவிடாமல் நடத்திய வழக்கென்றால், பீரோவில் கேஸ் கட்டு அகப்படுவதற்குள் கெடு முடிந்திருக்கும். தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு தானாகவே அற்றுப்போகும். நீதிபதி உத்தரவுகூடப் போட வேண்டியதில்லை. அதே காரணத்துக்குப் புது வழக்கும் போட முடியாது. அடுத்த 60 நாளுக்குள், வழக்கு அற்றுப்போனதை ரத்து செய்யக் கேட்கலாம். அதையும் விட்டால் தாமதத்தை மன்னிக்கவும் சேர்த்து மூன்று மனுக்கள். நீதிமன்றங்கள் பெரும்பாலும் தாராளமாகவே பார்க்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருப்பது நல்லதல்ல.

அரசாங்கமே இதில் மாட்டியிருக்கிறது. அண்ணன் தம்பி இருவருக்குக் கூட்டாகக் கிடைத்த நில இழப்பீட்டை எதிர்த்து பஞ்சாப் அரசு மேல்முறையீடு செய்தது. நடுவில் ஒருவர் இறந்தார். வாரிசுகளை உரிய காலத்தில் சேர்க்கவில்லை. பிரிக்க முடியாத கூட்டுத் தீர்ப்பு என்பதால், உயிரோடிருந்தவருக்கு எதிரான மேல்முறையீடும் சேர்ந்தே போயிற்று. உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது.

எதிராளி இறந்தது நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய வக்கீல் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 1976-இல் ஒரு விதி சேர்த்தார்கள். சொல்லாத வக்கீலை என்ன செய்வது என்று அந்த விதியில் இல்லை!

மானநஷ்ட வழக்கின் கதை வேறு. மானம் இறந்தவருடையது, அவரோடு போய்விடும். பிள்ளைகள் தொடர முடியாது. ஆனால் நஷ்டஈடு தீர்ப்பாகிவிட்டால் அது பணம், அதாவது சொத்து. எதிராளி மேல்முறையீடு செய்திருக்கும்போது வாதி இறந்தாலும் வாரிசுகள் அதைக் காக்கலாம் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைத்த பின் ஒருவர் இறந்தால் இந்த ஓட்டமே வேண்டாம். அவர் இருப்பதுபோலவே தீர்ப்பு வரும். டிக்ரி வாங்கி நிறைவேற்று மனு நடக்கும்போதும் 90 நாள் கெடு கிடையாது.