குளிர்பதனக் கிடங்கின் தரைக்கோடுகள்

திருவனந்தபுரத்தை அடுத்த கொச்சுவேளியில் 1946ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, கேரளக் கடற்கரையின் கரிய இல்மனைட் மணலிலிருந்து வெண்பொடி ஒன்றைப் பிரித்தெடுக்கிறது. டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் அப்பொடியே பெயிண்டுக்கு வெண்மை தருவது. ஆனால் நிறம் வேறு, பிடிப்பு வேறு. பூச்சைத் தரையோடு பிணைப்பது பிசின். குளிர்பதனக் கிடங்குக்குப் பூச்சுத் தேர்ந்தெடுக்கும்போது நாம் முதலில் நோக்க வேண்டியது அதனையே.

அங்கே கோடுகள் அழகுக்காக இடப்படுவன அல்ல. வண்டி செல்லும் வழியையும் ஆள் நடக்கும் வழியையும் அவை பிரிக்கின்றன. கதவைத் திறந்ததும் வாயிலில் பனிமூட்டம் எழும். அவ்வேளையில் கோடு உரிந்திருந்தால், சுமைவண்டியின் முன்னே நடப்பவருக்கு ஆபத்து. உரிந்த செதில் உணவிலும் கலக்கக் கூடும்.

கோடு உரிவது ஏன்? கடற்கரை நகரின் காற்றில் ஈரம் மிகுதி. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் உள்ள அறைக்குள் அது புகுந்ததும் தரையில் உறைபனியாகப் படிகிறது. அதன்மேல் பூசினால், பூச்சு பற்றுவது கான்கிரீட்டை அன்று, பனியையே!

எபாக்சி உறுதியானதுதான். எனினும் அதன் இரு பகுதிகளும் ரசாயன முறையில் சேர்ந்தே இறுகுகின்றன. சாதாரண வகைகளில் 10 டிகிரிக்குக் கீழே இவ்வினை மிகவும் தளர்ந்துவிடும். ஆகவே புதுக் கிடங்காயின், கான்கிரீட் நன்கு உலர்ந்தபின், குளிரூட்டுவதற்கு முன்னரே எபாக்சி பூசி, அது முற்றும் இறுகிய பிறகு படிப்படியாகக் குளிர்விப்பதே முறை.

இயங்கிவரும் கிடங்கை நிறுத்த இயலாதெனில், மீதைல் மெதாக்ரிலேட் வகை உதவும். உறைநிலைக்குக் கீழும் ஓரிரு மணி நேரத்தில் அது இறுகிவிடும். ஆனால் இறுகும்வரை கடுமையான நெடி வீசும், எளிதில் தீப்பற்றும். வெண்ணெய் போன்ற பண்டங்கள் அந்நெடியை ஈர்த்துக்கொள்ளும். ஆதலின் உணவுப்பொருள்களை அகற்றி, நெருப்பை விலக்கி, காற்றோட்டம் செய்த பின்னரே பூச வேண்டும். எதுவாயினும் பனியைச் சுரண்டித் தரையை உலர்த்துவது முதற்கடமை. வழுக்காதிருக்க, ஈரப்பூச்சின்மேல் மென்மணல் தூவுவர்.

பிற மாநிலங்களில் மீன், பால் கிடங்குகளில் பணிபுரியும் நம்மவர் பலர். பெயிண்ட் வாங்கும் பொறுப்பு வாய்ப்பின் விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்போமாக: எத்தனை டிகிரியில் இறுகும்? எத்தனை டிகிரி வரை தாங்கும்? எப்போது வண்டி ஓட்டலாம்? நெடி எப்போது நீங்கும்? இவற்றுள் முதலிரண்டும் ஒன்றே என்று மயங்குவதால்தான் பல கோடுகள் விரைவில் உரிகின்றன. குளிரைத் தாங்கும் பூச்சு எல்லாம் குளிரில் இறுகும் பூச்சு ஆகாது.