ஏரியும் கணக்கும் – உத்திரமேரூர்க் கல்வெட்டு உழவர்க்குச் சொல்வது

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் நவரைப் பட்டத்திற்கு நம்பிக்கை பிறக்கும். ஆனால் ஏரி நிரம்பியும் கடைமடைக்கு நீர் எட்டாத ஊர்கள் உண்டு. வரத்துக்கால் தூர்ந்திருக்கும், மதகு பழுதுபட்டிருக்கும், கரையில் வேலிக்கருவை மண்டியிருக்கும். இவற்றைச் சீர் செய்யும் முறை நம் எல்லோருக்கும் தெரியும். யார் செய்வது, எந்தப் பணத்தில் செய்வது, செய்த வேலையை யார் சரிபார்ப்பது என்பதில்தான் சிக்கல். இதே கேள்விகளுக்கு உத்திரமேரூர் மக்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் விடை எழுதி வைத்தனர்.

கல்லில் எழுதிய விதிகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. இவற்றின் காலம் கி.பி. 919, 921 ஆகும். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஊரார் கூடியிருக்க, விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரியக் கையை நீட்டி வாங்க வேண்டும். உள்ளங்கையில் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இவ்வாறு தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவையும் இருந்தன. பதவிக்காலம் 360 நாட்கள். ஊரின் நீர் ஒரு தனி வாரியத்தின் பொறுப்பில் இருந்ததால், மதகு உடைந்தால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் எழவில்லை.

கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை

இக்கல்வெட்டில் உழவர் கவனிக்க வேண்டிய பகுதி, யார் பதவிக்கு வரக்கூடாது என்பதைச் சொல்லும் பகுதியாகும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் வர முடியாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் முதலிய உறவினருக்கும் இடமில்லை. ஒருவர் விலகி, தம் வீட்டார் ஒருவரை அமர்த்திப் பின்னிருந்து ஆளும் வழியை இவ்விதி அடைத்தது. பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரும் குடத்தில் இடப்படவில்லை. பதவியில் இருக்கும்போதே குற்றம் செய்தவர் உடனே நீக்கப்பட்டார்.

இதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் அன்று பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். 35 முதல் 70 வயதுக்குட்பட்டு, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவரே குடத்தில் இடம் பெற்றனர். வேதத்தில் கூடுதல் புலமை உடையவர்க்கு அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். பெண்களுக்கும், அந்த நிலத்தை உழுத கூலியாட்களுக்கும் அதில் குரல் இல்லை. இன்றைய ஊராட்சியில் வயது வந்த அனைவருக்கும் வாக்கு உண்டு. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி இடம் உண்டு. ஆகவே பழைய விதிகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கைப் பற்றிய கண்டிப்பு ஒன்றே.

முதல் அழியாமல் வட்டியில் வேலை

உத்திரமேரூரின் பேரேரி கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் எனப்படுகிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தொடு தொடர்புடைய பெயர் இது. ஏரியைத் தூர் வாரிக் காப்பதற்கென்றே மக்கள் அறக்கொடை வைத்தனர். அக்காலத்தில் இத்தகைய கொடையின் முதல் ஊர்ச் சபையிடம் நிலையாக இருக்கும். ஆண்டுதோறும் வரும் வட்டியிலிருந்து வேலை நடக்கும்.

விதைநெல்லை உண்ணாமல் விளைச்சலை உண்பது போன்றது இம்முறை. கடலில் எண்ணெய் வளம் கண்ட நார்வே நாடும் இவ்வழியையே நாடியது. 1990-இல் அந்நாடு எண்ணெய் வருவாய்க்கெனத் தனி நிதிச் சட்டம் இயற்றியது. முதலைக் கரைக்காமல், ஏறத்தாழ நிதி ஈட்டித் தரும் அளவுக்கே செலவிடுவது என்ற விதியை 2001-இல் வகுத்துக்கொண்டது. ஏரியாயினும் எண்ணெயாயினும், செலவுக்கு வரம்பும் கணக்குக்குப் பொறுப்பும் இருந்தால்தான் வளம் அடுத்த தலைமுறைக்குச் சேரும்.

பொறுப்பு கைமாறியது

ஊரார் கூடி ஏரியைப் பேணும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகளின் நிர்வாகம் அரசுத் துறைகளிடம் சென்றது. ஊர் வருவாயில் பராமரிப்புக்கு ஒதுங்கிய பங்கு சுருங்க, குடிமராமத்தும் தளர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் கொண்டு வந்தும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. பிற்காலத்தில் கிணறும் மின்மோட்டாரும் பெருகின. சொந்தக் கிணறு உள்ளவர்க்கு ஏரியின் மீது அக்கறை குறைந்தது. கிணற்றின் ஊற்றுக்கும் ஏரி நீரே ஆதாரம் என்பது மறந்து போயிற்று.

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. பொதுவாக 40 எக்டருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. நம் ஏரி யாரிடம் உள்ளது என்பதை அறிவதே முதல் வேலை.

உழவர் செய்ய வேண்டியவை

1. கிராம சபைக்குத் தவறாமல் செல்லுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரியைப் பற்றிப் பேச ஏற்ற நாள்.

2. வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். ஏரி வேலைக்கு ஒதுக்கியது எவ்வளவு, முடிந்தது எவ்வளவு எனக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். விடை கிடைக்காவிடில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் எழுத்து மூலம் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும்.

3. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உள்ள இடங்களில் அதில் பங்கு கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பாசன நிர்வாகத்தில் உழவர்க்கு இடம் தந்துள்ளது. தலைமடையார், கடைமடையார் இரு சாராரும் பேசினால்தான் முறைப்பாசனம் நிலைக்கும்.

4. வண்டல் மண் எடுக்குமுன் உரிய அனுமதி பெறுங்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டாதீர்கள். மண் பரிசோதனை செய்து, தேவையான வயலுக்கு மட்டும் இடுங்கள்.

5. ஊரில் நாமே சிறு விதிகள் வகுத்துக்கொள்ளலாம். 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நேபாளம், ஸ்பெயின் முதலிய நாடுகளின் பாசன முறைகளை ஆராய்ந்தவர். பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாமே கண்காணித்து, முதல் தவறுக்குச் சிறிய தண்டமும் மீண்டும் செய்தால் பெரிய தண்டமும் விதித்த இடங்களில் பொதுவளம் நீடித்ததை அவர் எடுத்துக் காட்டினார்.

முறை தவறி மதகைத் திறப்பவர் நம் உறவினராக இருக்கலாம். கணக்குக் காட்டாதவர் நாம் வாக்களித்தவராக இருக்கலாம். உறவுக்காக விதியைத் தளர்த்தினால் கடைமடை வயல்தான் காயும். உத்திரமேரூரார் உறவையும் கணக்கையும் ஒன்றாகக் கலக்காமல் காத்தனர். அடுத்த கிராம சபை நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வயல்காரரையும் அழைத்துச் சென்று ஏரிக் கணக்கைக் கேட்போமாக!